புள்ளி போதும் என்போருக்கு

"கட்-ஆஃப் வந்தால் கிடைக்கும், வராவிட்டால் கிடைக்காது. இதில் நேரில் போய்ப் பார்த்து என்ன ஆகப்போகிறது?" ஆண்டிறுதி விடுமுறை தொடங்கி ஜனவரி முடியும்வரை சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் நாலு தமிழ்ப் பெற்றோர் சேர்ந்து நின்றால் இந்தப் பேச்சு வந்துவிடும். சொல்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. பிள்ளையின் படிப்புக்காக வீட்டுச் செலவைச் சுருக்கித் துணைப்பாட வகுப்புக்குக் கட்டியவர்கள்தான். அதனாலேயே இதை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. நான் பேசுகிறேன். இது தவறான கருத்து. இதற்கான விலையைக் கட்டுவதும் இதைச் சொல்கிற பெற்றோர் இல்லை, பிள்ளைகள்.

முதலில் அவர்கள் தரப்பைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சாதாரண நிலைத் தேர்வு முடிவு ஜனவரியில் வருகிறது. அடுத்த சில நாட்களுக்குள் கூட்டுச் சேர்க்கை நடவடிக்கையில் 12 தெரிவுகள்வரை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். இடம் ஒதுக்குவது கணினி, அது பார்ப்பது புள்ளி. ஒவ்வொரு படிப்புக்கும் முந்தைய ஆண்டின் புள்ளி வரம்பு வெளியிடப்படுகிறது. பட்டதாரிகளின் வேலை, சம்பளம் பற்றிய கருத்தாய்வும் ஆண்டுதோறும் வருகிறது. பாடத்திட்டம், வளாகக் காணொளி எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. பலதுறைத் தொழிற்கல்லூரிகள் ஐந்தும் அரசாங்கப் பணத்தில், கல்வி அமைச்சின் கண்காணிப்பில் நடப்பவை. ஓப்பன் ஹவுஸ் என்பது விளம்பரம், ஒரு பையும் பேனாவும் கொடுத்து அனுப்புவார்கள். பதினாறு வயதுப் பிள்ளை கட்டடத்தைப் பார்த்து மயங்கிவிடும். ஆகவே வீட்டில் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்து முடிவெடுப்பதே புத்திசாலித்தனம்.

இதில் பொய்யான வரி ஒன்றும் இல்லை. ஆனால் இந்த உண்மைகளைக் கூட்டி அவர்கள் எட்டும் முடிவு பொய். எப்படி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

1. புள்ளிதான் தீர்மானிக்கிறது என்கிறார்கள்

எதைத் தீர்மானிக்கிறது? கேட்ட இடம் கிடைக்குமா என்பதை. எந்த இடத்தைக் கேட்பது என்பதைப் புள்ளி ஒருபோதும் தீர்மானித்ததில்லை. நடுத்தரப் புள்ளி எடுத்த பிள்ளைக்குக்கூட 12ஐத் தாண்டிய படிப்புகள் திறந்தே இருக்கின்றன. அவற்றில் எதை எடுப்பது, எதை விடுவது, எடுத்ததில் எது முதல், எது ஐந்தாவது என்று எழுதுகிற கை உங்களுடையது. கணினி அந்த வரிசையை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்து, பிள்ளைக்கு இடமுள்ள முதல் தெரிவில் நின்றுவிடும். மூன்றாவதில் நின்றால் நான்காவது உங்களுக்கு இல்லை.

அந்த வரிசையை நம் வீடுகளில் எப்படி எழுதுகிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி. "புள்ளியை வீணாக்காதே!" புள்ளி குறையக் குறைய நல்லது என்பதால், பிள்ளை 10 எடுத்திருந்தால் 10க்குப் பக்கத்தில் மூடிய படிப்புதான் முதல் தெரிவு. 18இல் மூடிய படிப்பின் மேல் அதற்கு எவ்வளவு ஆசை இருந்தாலும் அது வீண். மிச்சக் காசுக்கும் சாமான் வாங்கிவிட வேண்டும் என்று கடையில் நிற்கிற மாதிரி புள்ளியைச் செலவழிக்கிறோம்.

கட்-ஆஃப் என்பது உண்மையில் என்ன? சென்ற ஆண்டு எத்தனை பேர், எவ்வளவு நல்ல புள்ளியோடு, எத்தனை இடங்களுக்குப் போட்டி போட்டார்கள் என்பதன் விளைவு. அது கூட்டத்தின் அளவு. படிப்பின் தரத்தை அது அளக்கவில்லை, உங்கள் பிள்ளைக்கு அது ஒத்துவருமா என்பதை அறவே அளக்கவில்லை. அந்தக் கூட்டம் அங்கே ஏன் சேர்ந்தது என்று கேளுங்கள். பலர் அதற்கு முந்தைய ஆண்டுப் பட்டியலைப் பார்த்துச் சேர்ந்தவர்கள். போய்ப் பார்க்காதவர்கள் போய்ப் பார்க்காதவர்களைப் பின்பற்றிப் போகிறார்கள், அந்தச் சங்கிலிக்குத்தான் நாம் கட்-ஆஃப் என்று பெயர் வைத்து வணங்குகிறோம்.

இன்னொன்று. எல்லா இடமும் புள்ளிக்குப் போவதில்லை. பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் 2016 முதல் முன்கூட்டிய சேர்க்கை முறை இருக்கிறது. தேர்வு எழுதுவதற்கு முன்பே, ஆண்டின் நடுவில் விண்ணப்பிக்க வேண்டும். ஏன் இந்தப் படிப்பு என்று எழுத வேண்டும், நேர்காணலில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அந்தப் பணிமனையையோ ஆய்வுக்கூடத்தையோ கண்ணால் கண்டிராத பிள்ளை அங்கே என்ன சொல்லும்? கல்லூரியின் கையேட்டில் உள்ள வாக்கியங்களை அந்தக் கல்லூரிக்காரர்களிடமே ஒப்பிக்கும். ஜனவரி ஓப்பன் ஹவுசுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்கு இந்தக் கதவு அதற்கு முந்தைய ஆண்டே மூடியிருக்கும்.

பட்டியலை நம்புகிறவர்களுக்கு அடுத்து வரும் சோதனையையும் சொல்லிவிடுகிறேன். 2027இல் சாதாரண நிலை, வழக்கநிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக ஒரே உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் வருகிறது. 2028 சேர்க்கையிலிருந்து தொடக்கக் கல்லூரிக்கு மொழியும் ஐந்து பாடங்களும் என்ற கணக்குப் போய், மொழியும் நான்கு பாடங்களும் என்ற கணக்கு வருகிறது. அளவுகோலே மாறுகிற ஆண்டில், பழைய அளவுகோலால் அளந்த சென்ற ஆண்டுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

2. எல்லாம் இணையத்தில் இருக்கிறது என்கிறார்கள்

இருக்கிறதுதான். என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வேலைவாய்ப்புக் கருத்தாய்வு, படித்து முடித்தவர்களிடம் ஏறத்தாழ ஆறு மாதம் கழித்துக் கேட்டு எழுதுவது. முதலாண்டிலேயே மனம் வெறுத்து வெளியேறியவர் அந்தக் கணக்கில் இல்லை. வேண்டாத படிப்பைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்து, வேறு துறைக்குப் போய் நல்ல சம்பளம் வாங்குகிறவர் அதில் வெற்றியாகப் பதிவாகிறார். உங்கள் பிள்ளை அறிய வேண்டியதோ அதற்கு முன்னால் உள்ள மூன்று நான்கு ஆண்டுகள். அந்த ஆண்டுகளைப் பற்றி அந்த அட்டவணையில் ஒரு வரிகூடக் கிடையாது.

தரவரிசையைக் காட்டுகிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2024, 2025 க்யூஎஸ் பட்டியல்களில் உலகில் 8ஆம் இடம். பெருமைதான், மறுக்கவில்லை. அந்தப் பட்டியலில் 45 விழுக்காட்டு மதிப்பெண், கல்வியாளர்களிடமும் முதலாளிகளிடமும் நடத்தும் நற்பெயர்க் கருத்தாய்வுகளிலிருந்து வருகிறது. அதாவது ஏறத்தாழப் பாதி, பேர்! பேர் பெற்றது முழுப் பல்கலைக்கழகம். உங்கள் பிள்ளை போய் உட்காரப்போவதோ ஒரு துறையில், ஒரு வகுப்பில்.

எண்ணைத் தருகிறவர்கள் எண்ணைச் சரியாகத் தருகிறார்களா? நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் யூ.எஸ். நியூஸ் தரவரிசைப் பட்டியலில் 2ஆம் இடத்தில் இருந்தது. அங்கேயே கணிதம் கற்பிக்கும் மைக்கேல் தாடியஸ், தம் பல்கலைக்கழகம் கொடுத்த எண்கள் பொருந்தவில்லை என்று 2022 பிப்ரவரியில் விரிவாக எழுதினார். இளநிலை வகுப்புகளில் 82.5 விழுக்காடு 20 பேருக்குக் குறைவானவை என்று சொல்லியிருந்த பல்கலைக்கழகம், பின்னர் அது 57.2 விழுக்காடுதான் என்று ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் 18ஆம் இடத்துக்கு இறங்கியது. ஒரு வகுப்பில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது, வாசலில் நின்று எட்டிப்பார்க்கிற எவரும் எண்ணிச் சொல்லக்கூடிய செய்தி. உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் ஏட்டில் அதுவே பிழையாக இருந்தது.

நம் பக்கத்திலேயே இதைவிடக் கொடிய உதாரணம் இருக்கிறது. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஆவணங்களோடு வெளியிட்ட செய்தி: தமிழ்நாட்டின் 224 பொறியியல் கல்லூரிகளில், 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளின் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்கில் காட்டப்பட்டிருந்தார்கள். முறைகேடு நடந்ததை அண்ணா பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டது. அந்தக் கல்லூரிகளின் ஏடுகளைப் பார்த்திருந்தால் எல்லாத் துறையிலும் ஆசிரியர் நிறைந்திருப்பார்கள். ஒரு புதன்கிழமை காலை துறைக்குள் நுழைந்திருந்தால் நாற்காலிதான் இருந்திருக்கும். தமிழ்நாட்டுப் பெற்றோர் பொறியியல் சேர்க்கைக்கான கவுன்சலிங்கில் கல்லூரியின் எண்ணையும் கட்-ஆஃபையும் பார்த்து நிமிடங்களில் முடிவெடுத்துப் பழகியவர்கள். 2018இல் கவுன்சலிங் இணையத்துக்கு மாறியபிறகு சென்னைக்குப் போகிற வேலைகூட மிஞ்சவில்லை. அங்கிருந்து இங்கு வந்து குடியேறியவர்கள் பலர் அதே பழக்கத்தையும் கொண்டுவந்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் அப்படியெல்லாம் நடக்காது என்பீர்கள். அரசாங்கக் கல்லூரிகளில் நடக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏடு பொய் சொல்லாத இடத்திலும், ஏட்டில் எழுதப்படாதவை எழுதப்படாதவையாகவேதான் இருக்கும்.

3. எல்லாம் ஒன்றுதானே என்கிறார்கள்

"பாலிடெக்னிக் ஐந்தும் ஒரே கவர்மெண்ட்தான், ஒரே டிப்ளோமாதான், பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் போடு." ஒரே அமைச்சு என்பதால் ஒரே அனுபவம் ஆகிவிடுமா?

உட்லண்ட்ஸில் உள்ள ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி 2002இல் தொடங்கியதே வேறு மாதிரி. விரிவுரை கேட்டுக் குறிப்பெடுப்பதை விட்டுவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு சிக்கலை எடுத்துச் சிறு குழுவாக ஆராய்ந்து, அன்றைக்கே எல்லார் முன்னாலும் விளக்கிச் சொல்லும் முறையில் அது புகழ்பெற்றது. தனியாக உட்கார்ந்து புத்தகத்தை முட்டி முட்டிப் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்கிற பிள்ளைக்கு இது எப்படி இருக்கும்? வாய் ஓயாத பிள்ளைக்கு எப்படி இருக்கும்? ஒரே புள்ளி எடுத்த இந்த இருவருக்கும் ஒரே தெரிவைப் பட்டியல் பரிந்துரைக்கும்.

பல்கலைக்கழகத்திலும் இதே கதைதான். பிராஸ் பசாவில் உள்ள சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 45 பேருக்குள் அடங்கும் கருத்தரங்க வகுப்புகள். வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்கே மதிப்பெண் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கெண்ட் ரிட்ஜ் வளாகத்தில் சில நூறு பேர் உட்காரும் விரிவுரை அரங்குகளும் உண்டு, அங்கே கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் ஒரு பருவத்தை ஓட்டலாம். கூச்ச சுபாவமுள்ள பெண் எதில் மலர்வாள், எதில் வாடுவாள் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பேச வைத்தாலே மலர்கிறவர்களும் உண்டு. ஓர் அரைமணி நேரம் வகுப்பறைக்கு வெளியே நின்று பார்த்தால் அவளுக்குத் தெரியும்.

பயணத்தைச் சொல்லாமல் விட முடியாது. சின்னத் தீவு, எங்கும் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்பது ஞாயிற்றுக்கிழமை கூகள் வரைபடம் சொல்லும் கணக்கு. ஜூரோங்கின் மேற்கு ஓரத்தில் இருக்கும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இன்னும் எம்ஆர்டி நிலையம் கிடையாது. ஜூரோங் வட்டார ரயில் பாதை கட்டுமானத்தில் இருக்கிறது. பூன் லேயிலோ பயனியரிலோ இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். பொங்கோலிலிருந்தோ பாசிர் ரிஸிலிருந்தோ வேலைநாள் காலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் ஒரு நாளில் மூன்று மணி நேரம், அதுவும் பெரும்பாலும் நின்றுகொண்டு. விடுதி கிடைக்குமா, கிடைத்தால் செலவு தாங்குமா என்ற கேள்வி இந்தப் பயணத்துக்குப் பிறகுதான் வீட்டில் எழும். விண்ணப்பத்துக்கு முன்னால் எழ வேண்டிய கேள்வி அது.

தமிழ் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி. எல்லாப் பள்ளியிலும் தமிழ் வகுப்பு நடப்பதில்லை. பள்ளி முடிந்தபின் பீட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போய்ப் படிக்கிற மாணவர்கள் உண்டு. நல்ல நிலையம், அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் தொடக்கக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது தமிழ் வகுப்பு எங்கே, எந்த நேரத்தில், எத்தனை பேரோடு என்று கேட்கிற பெற்றோர் எத்தனை பேர்? தமிழ் வாழ வேண்டும் என்று மேடையில் கை தட்டுகிறோம். தெரிவுப் படிவத்தை நிரப்பும்போது அது நினைவுக்கு வருவதில்லை.

4. ஓப்பன் ஹவுஸ் வெறும் விளம்பரம் என்கிறார்கள்

ஆமாம், விளம்பரம்தான். இதில் எனக்கு மறுப்பே இல்லை. தேர்ந்தெடுத்த மாணவத் தூதர்கள், துடைத்து வைத்த கருவிகள், பலூன்கள், இசை. அன்றைக்குக் கேட்கிற எந்தக் கேள்விக்கும் தயாரித்த பதில் இருக்கும். ஆனால் இந்த வாதத்திலிருந்து "ஆகவே போகாதே" என்ற முடிவு எப்படிப் பிறக்கிறது? "ஆகவே வேறொரு நாளில் போ" என்பதுதானே பிறக்க வேண்டும்?

எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்றை அவர்களுக்காக நானே எடுத்துவைக்கிறேன். யூரி சைமன்சன் என்ற ஆய்வாளர் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். படிப்பில் கெடுபிடியும் கேளிக்கையில் வறுமையும் கொண்டதென்று பெயரெடுத்த ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தைப் பார்க்க வந்த 1,284 மாணவர்களை எடுத்துக்கொண்டார். பார்க்க வந்த அன்று வானம் மேகமூட்டமாக இருந்திருந்தால், அவர்கள் அங்கே சேர்வதற்கான வாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவு கூடியிருந்தது. வெயிலடித்த நாளில் வந்தவர்களுக்கு விளையாட்டு நினைவு வந்திருக்கிறது, மேகம் சூழ்ந்த நாளில் வந்தவர்களுக்குப் படிப்பு நினைவு. நான்காண்டு வாழ்க்கையை ஒருநாள் வானிலை தள்ளிவிடுகிறது என்றால், போய்ப் பார்ப்பதில் என்ன நம்பகம் இருக்கிறது?

நியாயமான கேள்வி. சிங்கப்பூரில் ஜனவரி மழைக்காலம் வேறு. அந்தக் கணக்கில் நம் பலதுறைத் தொழிற்கல்லூரிகள் எல்லாமே படிப்பாளிகளின் சொர்க்கமாகத் தெரிய வேண்டும்! ஆனால் அந்த ஆய்வு காட்டுவது என்ன? ஒருமுறை மட்டும், கேள்வி இல்லாமல், மனநிலையை மட்டும் நம்பிப் பார்த்தவரின் தீர்ப்பு தடுமாறும் என்பதை. வீட்டிலிருந்து காணொளி பார்க்கிறவரின் மனநிலை தடுமாறாது என்று அது சொல்லவில்லை. அந்தக் காணொளியில் என்றுமே வெயில், மழைநாளில் யாரும் படம் பிடிப்பதில்லை. ஒரு சாட்சி தடுமாறினால் இன்னொரு சாட்சியைக் கூப்பிட வேண்டும், வழக்கைச் சாட்சியே இல்லாமல் முடிக்கக் கூடாது.

சாதாரண நாளில் பார்க்கப் போனால் எதைப் பார்ப்பது? மதியம் உணவங்காடியில் உட்காருங்கள். மாணவர்கள் பாடத்தைப் பற்றிப் பேசுகிறார்களா, அதைத் திட்டுகிறார்களா, அடுத்த வாரம் ஒப்படைக்க வேண்டிய வேலையை நினைத்துப் பதறுகிறார்களா என்று காதில் விழும். நூலகத்தில் மாலை எத்தனை இருக்கைகள் நிறைந்திருக்கின்றன என்று பாருங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம், இந்தப் படிப்பில் உனக்குப் பிடிக்காதது எது என்று கேளுங்கள். என்ன பிடிக்கும் என்று கேட்டால் கையேடு பேசும், பிடிக்காததைக் கேட்டால் ஆள் பேசுவார். முதலாண்டில் உன்னோடு சேர்ந்து விலகிப்போனவர்கள் யாராவது உண்டா, ஏன் போனார்கள் என்று கேளுங்கள். இந்தப் பதிலைத் தருகிற பட்டியலை இதுவரை யாரும் அச்சிடவில்லை.

தொடக்கக் கல்லூரிகளில் அப்படி நுழைய முடியாது, வாயிலில் பதிவு செய்ய வேண்டும், அனுமதி வேண்டும். அங்கே ஓப்பன் ஹவுசைத்தான் பயன்படுத்திக்கொள்ள வேண்டும், பலூனைக் கடந்து ஆசிரியரிடம் போக வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு இந்தச் சாக்கு இல்லை. கெண்ட் ரிட்ஜ் வளாகத்தை ஒட்டியும் ஊடாகவும் பொதுப் பேருந்துகளே ஓடுகின்றன.

5. பிள்ளை கட்டடத்தைப் பார்த்து ஏமாந்துவிடும் என்கிறார்கள்

பிள்ளை கட்டடத்தைப் பார்த்து ஏமாறுகிறது, பெற்றோர் பெயரைப் பார்த்து ஏமாறுகிறார்கள். இதில் எந்த ஏமாற்றம் பெரியது?

தொழில்நுட்பக் கல்விக் கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆங்கிலப் பெயரின் மூன்று எழுத்துகளை வைத்து "இட்ஸ் தி எண்ட்" என்று கேலி செய்தவர்கள் உண்டு, நம் சமூகத்திலும் உண்டு. பிள்ளைக்கு அங்கே இடம் கிடைத்ததை உறவினரிடம் சொல்லக் கூசுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவர்களில் எத்தனை பேர் 2005இல் சீமெயில் திறந்த கிழக்குக் கல்லூரியையோ, 2010இல் சுவா சூ காங்கில் திறந்த மேற்குக் கல்லூரியையோ, 2013இல் அங் மோ கியோவில் திறந்த மத்தியக் கல்லூரியையோ கால் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்? விமானப் பராமரிப்பையும் சமையற்கலையையும் கையால் தொட்டுக் கற்கிற இடங்கள் அவை. பார்த்திருந்தால் அந்தக் கேலி அவர்கள் நாக்கில் வந்திராது. கையால் செய்து கற்கும் பிள்ளையை, புள்ளி ஒட்டி வந்ததே என்பதற்காகத் தாளால் கற்கும் படிப்பில் தள்ளிவிட்டு, பிறகு "இவனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று தீர்ப்புச் சொல்கிறோம். போய்ப் பார்க்காததால் அதிகம் இழப்பது, பெயர் குறைந்த நல்ல இடங்களும் அங்கே தழைத்திருக்கக்கூடிய பிள்ளைகளும்தான்.

கலை படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கும் இதே கதி. தேக்காவிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், மெக்னலி ஸ்திரீட்டில் லாசால் இருக்கிறது. பென்கூலன் ஸ்திரீட்டில் நன்யாங் நுண்கலைக் கழகம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்த கூட்டமைப்பாகச் சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் 2024இல் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. வாரந்தோறும் தேக்காவுக்குக் காய்கறி வாங்க வருகிறவர்கள், "கலை படித்துச் சோறு கிடைக்குமா" என்று கேட்பதற்கு முன்னால் பத்து நிமிடம் கூடுதலாக நடக்கலாம். நடந்து பார்த்தபிறகும் வேண்டாம் என்றால் அது ஒரு முடிவு. நடக்காமல் சொன்னால் அது வெறும் பயம்.

6. நேரமில்லை, வேலைக்குப் போக வேண்டும் என்கிறார்கள்

இந்த வாதத்தின் முன்னால் மட்டும் குரலைத் தாழ்த்துகிறேன். ஷிஃப்ட் வேலை பார்க்கிறவருக்கு லீவு எளிதில்லை. ஆனால் விளைவை யோசியுங்கள். பட்டதாரிப் பெற்றோரின் பிள்ளை, பல்கலைக்கழக வளாகத்தை அப்பாவின் பழைய மாணவர் கூடுகையிலேயே பார்த்துவிட்டது. விரிவுரை அரங்கம் எப்படி இருக்கும், ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது என்பது அதற்கு வீட்டுப் பேச்சு. குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்கப் போகிற பிள்ளைக்குத்தான் அதெல்லாம் அந்நியம். "போய்ப் பார்க்கத் தேவையில்லை" என்ற அறிவுரை பட்டதாரி வீட்டுப் பிள்ளையை ஒன்றும் செய்யாது, முதல் தலைமுறைப் பிள்ளையை இருட்டில் நிறுத்தும். எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லப்படும் இந்த அறிவுரையின் செலவு ஒரு பக்கத்தில் மட்டுமே விழுகிறது. பெற்றோருக்கு முடியாவிட்டால் பிள்ளையையும் அதன் நண்பனையும் அனுப்புங்கள். பதினாறு வயதில் எம்ஆர்டி ஏறத் தெரியாத பிள்ளை இந்த ஊரில் இல்லை.

7. வெளிநாடென்றால் எப்படிப் பார்ப்பது என்கிறார்கள்

போகாமல் விண்ணப்பிப்பதன் விலை மிக அதிகமாகிற இடம் இதுதான். இங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டத்தின் மொத்தச் செலவில் ஒரு விமானச் சீட்டு எவ்வளவு என்று கணக்குப் போட அவர்களுக்குத் தெரியும். என் கவலை எதிர்த்திசையில் வருகிறவர்களைப் பற்றியது. தமிழ்நாட்டிலிருந்து முகவர் வழியாகச் சிங்கப்பூரின் தனியார் கல்விக்கூடங்களுக்கு வருகிற மாணவர்கள், லிட்டில் இந்தியாவைச் சுற்றி அறையைப் பகிர்ந்து தங்குகிறவர்கள். "கல்லூரி" என்று அவர்கள் மனத்தில் இருந்தது மரங்களும் மைதானமும். கிடைப்பது பல நேரங்களில் வணிகக் கட்டடத்தின் ஓரிரு மாடிகள். படித்துக்கொண்டே பகுதிநேர வேலை பார்க்கலாம் என்று ஊரில் யாரோ சொல்லியிருப்பார். தனியார் கல்விக்கூட மாணவர் அட்டையில் வருகிறவர்கள் பெரும்பாலோருக்கு வேலை செய்ய அனுமதியே கிடையாது.

பாதுகாப்பு இல்லாமல் இல்லை. 2009இல் தனியார் கல்விச் சட்டம் வந்தது. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க எஜுடிரஸ்ட் சான்றிதழ் வேண்டும், கட்டணப் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தானபின் மனம் மாற 7 வேலைநாள் அவகாசமும் உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள்: கையெழுத்து ஊரில் நடக்கிறது, விமானம் ஏறுவது பிறகு. கல்விக்கூடத்தை முதன்முதலாகப் பார்க்கும் நாளில் அந்த 7 நாள் எப்போதோ கழிந்திருக்கும். சட்டம் கொடுத்த அவகாசத்தை, கல்விக்கூடத்தைப் பார்க்காமல் போட்ட கையெழுத்து தின்றுவிடுகிறது.

வழி இருக்கிறது. தஞ்சாவூர், சிவகங்கைப் பக்கம் சிங்கப்பூரில் ஒரு சித்தப்பாவோ ஊர்க்காரரோ இல்லாத கிராமம் எது? அவரை ஒரு சனிக்கிழமை அந்த முகவரிக்கு அனுப்புங்கள். "தம்பி சேரலாம்னு இருக்கான், கொஞ்சம் பாத்துட்டுச் சொல்லுங்க சித்தப்பா" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். வகுப்பு நடக்கிறதா, படிக்கிற பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று அரைமணி நேரத்தில் சொல்லிவிடுவார். கல்விக்கூடத்திடமிருந்து கமிஷன் வாங்குகிற முகவரைக் கேட்கிறோம், ஒன்றும் வாங்காத சித்தப்பாவைக் கேட்பதில்லை.

பார்த்தும் ஏமாந்தவர்கள் இல்லையா? உண்டு. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007 மார்ச்சில் சிங்கப்பூரில் தன் ஆசிய வளாகத்தைத் தொடங்கியது. சேர்ந்தவர்கள் 148 பேர். மே மாதம் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது, ஜூனில் மூடியேவிட்டது. எத்தனை முறை போய்ப் பார்த்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. நேரில் பார்ப்பது எல்லா ஆபத்தையும் நீக்கும் என்று நான் சொல்லவில்லை. பட்டியலும் வேண்டும், கருத்தாய்வும் வேண்டும், பட்டம் தருவதாகச் சொல்லும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சலும் வேண்டும். அவற்றால் ஆகாத வேலை ஒன்று உண்டு, அதைக் கால்தான் செய்ய முடியும். எதிர்த்தரப்பு மறுப்பது அந்த ஒன்றைத்தான்.

பெற்றோர்களே, 12 இடங்களையும் சுற்றிவரச் சொல்லவில்லை. தெரிவுப் படிவத்தின் முதல் 3 கட்டங்களையாவது, பிள்ளை வேலைநாள் ஒன்றில் போய்ப் பார்த்துவிட்டு வராமல் நிரப்பாதீர்கள். முன்கூட்டிய சேர்க்கைக்கு விண்ணப்பிப்பதென்றால் மே மாதத்துக்குள் போய்விடுங்கள். பேருந்து, ரயில் கட்டணத்தைத் தவிர இதற்கு வேறு செலவில்லை.